அனைத்து ஆசிரியர்களின் ஒப்புதல்

பதினொரு கோடை. பதினான்கு கம்பு.
ஆய்விதழ் தரும் இடமோ நாலாயிரம் சொல்,
அடிக்குறிப்பும் அதில் அடக்கம்.

கராகோலில் இரவு பத்துக்கு மேல்தான் இணையம் இளகும்.
ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில்
லேப்டாப்பைச் செருகியிருக்கிறேன்.
இரண்டையும் சேர்த்துத் தாங்காது இந்த வீட்டு ஃபியூஸ்.
கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து
பனியாறு உருகுவதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் போனது குதிரை.
மூன்றாம் கோடையில் கருவிப்பெட்டியோடு ஓடையில் விழுந்து
தானே எழுந்து வந்த சாம்பல் குதிரை.
ஆய்வுக்குத் தொடர்பில்லை.
அப்புறம் ரொட்டியும் உப்பிட்ட கொழுப்பும்,
கூடாரம் கிழிய சகின்பெக் விட்ட குறட்டை.
முந்நூறு சொல் மிச்சம்.

பிறகு வினைச்சொற்கள்.
துளையிட்டான் என்றிருந்ததைத் துளையிடப்பட்டது என்றாக்கினேன்.
கம்புகள் நடப்பட்டன.
அளவுகள் எடுக்கப்பட்டன.
பட்டன, பட்டன, பட்டன.
பட்டது யார் என்று கேட்கக்கூடாது
செய்முறைப் பகுதியில்.
(இடக்கால் சுண்டுவிரல். ஆறாம் கோடை.
வெட்டி எடுக்கப்பட்டது.)

ஏழாம் கம்பு, ஐந்தாம் ஆண்டு: கட்டம் காலி.
அவன் களக்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேரே
பென்சிலில் ஒற்றைச் சொல்: தெரியவில்லை.
ஆறாம் கம்புக்கும் எட்டாம் கம்புக்கும் நடுவே கோடு இழுத்தால்
ஓர் எண் கிடைக்கும், உறுத்தாமல் உட்காரும்.
இழுத்தேன்.
பார்த்தேன்.
அழித்தேன்.
கட்டத்தின் கீழ் அவன் சொல்லையே இட்டேன்.

நிதியுதவி: பல்கலைக்கழகச் சிறு நல்கை.
எட்டாம் கோடைக்கென்று அவன் விற்ற ஆறு ஆடுகளை
எந்தக் கட்டத்தில் எழுத?
இந்தப் பனியை அறிந்த நடுவர்கள் மூவரைப் பரிந்துரைக்க.
இருவர் கிடைத்தார்கள்.
மூன்றாமவன் அவன்தான்.

ஆசிரியர் பட்டியலில் அவன் பெயரே முதல்.
இறந்தவர் பெயரின் தோளில்
சின்னக் குறியொன்று வைக்கச் சொல்கிறது விதிமுறை.
சிலுவைபோல் இருந்தது.
'எனக்கெதற்கடா இது' என்று சிரித்திருப்பான்.
எழுத்துருப் பட்டியலில் தேடிப்பார்த்தேன்,
அதன் பெயர் குறுவாள்.
குறுவாள் என்றால் சம்மதிப்பான்.

மின்னஞ்சல் கட்டம் கட்டாயம்;
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
அவனுடையதையே போட்டேன்.
இறுதிவடிவத்தை அனைத்து ஆசிரியர்களும் படித்து ஒப்புக்கொண்டனர்:
அதில் மட்டும் விரல் நின்றது.
பின் அழுத்தியது.

விடியும்முன் பதில் வந்துவிட்டது.
கட்டுரை நிலுவையில். ஓர் ஆசிரியர் இன்னும் உறுதிசெய்யவில்லை.
அவனுக்குப் போன நினைவூட்டலின் நகல் எனக்கும் வந்தது.
'அன்புள்ள டாக்டர் சகின்பெக்.'
முனைவர் பட்டத்துக்குப் பணம் கட்டாமலே போனவனை
எந்திரம் டாக்டராக்கிவிட்டது.
மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் காலை
அவன் பெயருக்கு எதிரே பச்சை.

சந்தைக்குப் போனேன்.
புருல் கடையில் கூட்டமில்லை.
ஆஷ்லியான்ஃபூ கிண்ணத்தில் காடி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"அவர் போன் நாலு நாளா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.
யாரோ அவரைத்தான் கேக்குறாங்க, விடாம.
திறந்தா ரெண்டு பொத்தான்.
ஆமான்னு ஒண்ணு, இல்லைன்னு ஒண்ணு.
அவர் எதுக்குத்தான் இல்லைன்னு சொன்னார்?"
கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
"தப்பா?"

இன்னும் கொஞ்சம் மிளகாய் கேட்டேன்.

ஏழாம் கம்பின் வெற்றிடத்தில்
எண்ணொன்று வைக்கக் கூசியவன் நான்.
இதழாசிரியருக்கு எழுதத்தான் வேண்டும்,
இந்தத் தேதியில், இந்த ஊரில், பச்சையானது எப்படி என்று.
எழுதுவேன். நாளைக்கு.

ஹீட்டரைச் செருகினேன். லேப்டாப் அணைந்தது.
இன்றிரவு மட்டும்
அவன் முழுக்கப் படித்துப் பார்த்து
ஆமாம் சொன்னவனாகவே
இருந்துவிட்டுப் போகட்டும்.